பந்துக்குள் ஒரு முகம்

பழைய கோல்ஃப் பந்தில் மனித முகம் செதுக்கி, ஒன்று 12 டாலர் என்று விற்று வந்தேன். இதை இந்தப் பக்கங்களில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் இரண்டொருவருக்கு என்னை எழுபதுகளிலிருந்து தெரியும். ஜனரஞ்சகப் பத்திரிகைத் தொடர்கதைக்காரர்களைப் பற்றி, வாராவாரம் ஒரே சிரித்த முகத்தை அச்சடித்துத் தருகிறவர்கள் என்று எழுதியவன் நான். அது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் பின்னாளில் அதே சிரித்த முகத்தை நானூறு தடவைக்குக் குறையாமல் செதுக்கி விற்றவனும் நான்தான். இந்த முரண்பாட்டை வைத்து யாராவது சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளட்டும். என் விசாரம் வேறு. 2018 டிசம்பரில் ஒரு முகத்துக்கு 20 டாலர் வாங்கினேன். அந்தப் பணம் எதற்கான விலை என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அதற்கு வருமுன் பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்து தெரியாமல் நான் செய்த காரியம் தெரியாது.

மனைவி இறந்த மறு வருஷம், 2012-ல், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனேன். ரப்பர் நகரம் என்று பேர் வாங்கிய ஊர். குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன் எல்லாம் அங்கே வளர்ந்தவை. கார் டயர் செய்வது எண்பதுகளிலேயே ஏறக்குறைய அங்கிருந்து போய்விட்டது. நான் போனபோது மிச்சமிருந்தவை பெயரும், ஓய்வுபெற்ற தொழிலாளிகளும், பனியும். கோல்ஃப் பந்தின் சரித்திரத்திலும் அந்த ஊருக்கு இடம் உண்டு. 1898-ல் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் குட்ரிச் தொழிற்சாலையில் நண்பர் ஒருவருக்காகக் காத்திருந்தபோது ரப்பர் நூலைப் பார்த்தார். அதை இழுத்து இறுக்கிச் சுற்றினால் துள்ளுகிற பந்தாகும் என்று யோசித்தார் என்று சொல்வார்கள். 1899-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்திய ஐம்பது வருஷம், மலேயாக் காட்டு மரத்தின் பாலான கட்டாபெர்ச்சாவில் வார்த்த பந்து. அதற்கும் முன்னால், வேகவைத்த வாத்து இறகைத் தோலுக்குள் திணித்துத் தைத்த பந்து. ஹாஸ்கெலின் நூல் பந்து சுமார் ஒரு நூற்றாண்டு ஆட்சி செய்தது. எழுபதுகளில், கெட்டியான ஒரே ரப்பர் உருண்டையின்மேல் பிளாஸ்டிக் ஓடு போட்ட பந்து வந்து, சாதாரண ஆட்டக்காரர்களிடம் மெல்லப் பரவியது. கைதேர்ந்தவர்கள் நூல் பந்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2000-க்குப் பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். நூல் பந்து, உருண்டைப் பந்து என்ற இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர். முப்பது வருஷத்துக்குமேல் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் அரசாங்க அலுவலகத்தில் 31 வருஷம் வரைபடம் போட்டவன். இருவருக்கும் பேச அதிக விஷயம் இல்லை, அதனாலேயே சினேகமானோம். தம்முடைய கார் ஷெட்டில் ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டுக்கொண்டு குளிர்காலம் முழுக்கச் சீவிக்கொண்டிருப்பார். கத்தியும் மரத்துண்டுமாக உட்கார்ந்து பொழுதைக் கழிப்பது அந்தத் தேசத்துக் கிழவர்களிடம் உள்ள பழக்கம். மெத்தென்ற பாஸ் மரம், காட்டன்வுட் மரத்தின் தடித்த பட்டை, பழக்கொட்டை, இப்படிக் கிடைப்பதில் எல்லாம் தாடிக்காரக் கிழவன் முகம் ஒன்று போட்டுவிடுவார்கள். கோல்ஃப் பந்து அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது. காசு கிடையாது. மார்ச்சில் பனி உருகும்போது, ஆடுகளத்தை ஒட்டிய புதரில் பந்துகள் காளான் மாதிரித் தலைகாட்டும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பையோடு போவோம்.

செய்முறை சுலபம், சொல்லுவதற்கு. நடுவில் குழித்த இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையில் பந்தை வைத்து வைஸில் இறுக்க வேண்டும். ஓட்டின் கனம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். ஹாக்ஸா பிளேடால் அரை வட்டமாக அறுத்து, குறடால் பிடித்து, பந்தின் முன்பாதி ஓட்டை மட்டும் உரிக்க வேண்டும். பின்பாதி ஓடு அப்படியே இருக்கும். குழிக்குழியான அந்த வெள்ளை ஓடு பிறகு முகத்துக்கு முக்காடாகவோ குல்லாயாகவோ ஆகிவிடும். உரித்த இடத்தில் உள்ளே இருக்கிற ரப்பர் தெரியும். அது என்ன நிறம் என்று உரிக்கும்வரை தெரியாது. வெளியே எல்லாம் வெள்ளை. உள்ளே சாம்பல், ஆரஞ்சு, நீலம், பச்சை, செங்கல் சிவப்பு. முதல் தடவை மயில்கழுத்து நிறத்தில் ஓர் உருண்டை வெளிப்பட்டபோது நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிறவனுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம் அது, வாங்குகிறவனுக்குத் தெரியாது.

கட்டைவிரலுக்குத் தோல் உறை மாட்டிக்கொண்டு, முதலில் புருவத்துக்குக் கீழே குறுக்கே ஒரு வெட்டு. அப்புறம் மூக்கின் இரண்டு பக்கமும். மரம் சீவினவனுக்கு இந்த ரப்பர் விசித்திரமாக இருக்கும். மரத்தில் நார் ஓடும் திசை உண்டு. அதற்கு எதிராகப் போனால் பிளக்கும்; அதோடு போனால் இழுத்துக்கொண்டு ஓடும். பாதித் தப்பை மரத்தின் தலையில் போட்டுவிடலாம். ரப்பருக்குத் திசை கிடையாது. எங்கே வெட்டினாலும் ஒரே மாதிரி வெட்டுப்படும். முகம் கோணினால் கோணினது கைதான். சாக்குச் சொல்ல இடமில்லை. எழுத்தில் இப்படி ஒரு பொருளை நான் கண்டதில்லை. மொழிக்கு ஏராளமாகத் திசை உண்டு. நாம் எழுதுவதில் பாதி அது இழுத்துக்கொண்டு போனதுதான்.

கிழவன் முகம் எளிது. சுருக்கமும் தாடியும் தப்புகளை விழுங்கிவிடும். ஒரு வெட்டு ஆழமாகிப் போனால் பக்கத்தில் இன்னும் இரண்டு போட்டால் அது வயசாகிவிடும். குழந்தை முகமும் இளம்பெண் முகமும் என்னால் கடைசிவரை முடியவில்லை. வழவழப்பான பரப்பில் ஒன்றை மறைக்க இன்னொன்று இல்லை. கண்ணைக் கடைசியில் போட வேண்டும் என்று கிழவர் சொல்லிக்கொடுத்தார். நம் ஊர்ச் சிற்பிகளும் கண் திறப்பதைக் கடைசிக்குத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அதில் அவருக்கு ஒரு வியப்பும் இல்லை. "முதலில் கண்ணைப் போட்டுவிட்டால் அப்புறம் அது உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மீதியை எப்படி வெட்டுவாய்?" என்றார்.

நான் சொல்ல வந்த விஷயத்தின் தொடக்கம் இங்கே இருக்கிறது. கெட்டுப்போன பந்துகளைப் போட ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தோம். மூக்கு உடைந்தது, கன்னம் தொலைந்தது எல்லாம் அதில் போகும். மாதக் கடைசியில் குப்பைக்கு. கண் போடாதவற்றைக் கவிழ்த்துக் கொட்ட ஒன்றும் தோன்றாது. கண் போட்டபிறகு கெட்டவற்றைக் கொட்டும்போது கை ஒரு கணம் நிற்கும். அறிவுக்குத் தெரியும், இது குறுக்குப்பிணைப்பு ஏறிய பாலிபியூட்டடையீன் என்று. கைக்குத் தெரியவில்லை. கிழவர் தம்முடையதை முகம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்துக் கொட்டுவார். கேட்டால், அப்படித்தான் அடுக்குவது வழக்கம் என்பார்.

ஒரு முகம் எங்கே ஆரம்பிக்கிறது? ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து அரச கருவூலத்தில் செதுக்கிய செர்ரிக்கொட்டை ஒன்று இருக்கிறது. 1589-க்கு முந்தியது, ஒரு தொங்கட்டானில் பதித்தது. அதில் 185 முகங்கள் என்பது அதன் புகழ். உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினவர்கள் நூற்றுச் சொச்சம்தான் கண்டார்கள். மிச்சம் எழுபதுக்குக் கிட்ட முகங்களை இத்தனை காலமாகப் பார்த்துவந்தவர்கள் பொய் சொன்னார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று கீறல் அருகருகே இருந்தால் நாம் முகம் பார்த்துவிடுகிறோம். பிறந்து சில நிமிஷங்களே ஆன சிசுக்கள், குளறுபடியாகக் கலைத்துப் போட்ட படத்தைவிட முகம் போல் வரைந்த படத்தைத் தலைதிருப்பித் தொடர்கின்றன என்று 1975-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பின்னால் வந்தவர்களும் ஏறக்குறைய அதை உறுதி செய்தார்கள். முகத்தைக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே அதற்காகக் காத்திருக்கிறோம். 2000-ல் வந்த 'காஸ்ட் அவே' படத்தில் தனித்தீவில் ஒதுங்கினவன் ஒரு வாலிபாலின்மேல் பதிந்த தன் ரத்தக் கைத்தடத்தில் கண்ணும் மூக்கும் தேய்த்து, பந்துக் கம்பெனியின் பெயரையே அதற்கு வைத்து, வருஷக்கணக்கில் அதோடு பேசுகிறான். அது கடலில் அடித்துப்போகும்போது அவன் அழுவதைப் பார்த்து கொட்டகையில் ஜனங்களும் அழுதார்கள். ஆகவே செதுக்குகிறவன் செய்வது மிகக் கொஞ்சம். மீதியைப் பார்க்கிறவன் கொண்டுவருகிறான். இதைப் பெரிய கண்டுபிடிப்பாக அப்போது நினைத்தேன். பின்னால் இதுவே எனக்கு ஒரு வசதியான சாக்காகிவிட்டது.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிசம்பரில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கைவினைச் சந்தை நடக்கும். மேஜை வாடகை போக, முதல் வருஷம் 100 டாலர் சொச்சம் மிஞ்சியது. பேத்திக்கு நல்ல குளிர்பூட்ஸ் வாங்கிக்கொடுத்தேன். என் பென்ஷன் ரூபாயில் வருகிறது. டாலரில் நானே சம்பாதித்து ஒன்று வாங்கினேன் என்பது அந்த வயசில் சின்ன விஷயமல்ல. ஜனங்கள் சிரிக்கிற முகத்தைத்தான் எடுத்தார்கள். சிரிக்காத முகத்தைக் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து என் கை சிரிப்பை மட்டும் போடப் பழகிவிட்டது. நினைக்க வேண்டியதே இல்லை. கத்தி வாயின் மூலைக்கு வந்ததும் தானாக மேலே திரும்பும். இன்னொன்றும் கேட்பார்கள்: நீல முகத்தையும் பச்சை முகத்தையும் காட்டி, 'தோல் நிறம்' பூசித் தர முடியுமா என்று. யார் தோல் என்று நான் கேட்டதில்லை. அமெரிக்க வண்ண மெழுகுக்குச்சிக் கம்பெனி ஒன்று, தோல் நிறம் என்ற பெயரில் விற்றுவந்த இளஞ்சிவப்புக் குச்சியை 1962-ல் பீச் பழ நிறம் என்று மாற்றியது. ஐம்பது வருஷம் கழித்து என் மேஜைமுன் பழைய பெயர் உயிரோடு இருந்தது. நான் பீச் நிறம் பூசிக் கொடுத்தேன். என் கையின் நிறத்தை ஒருவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

எம்மானுவல் லெவினாஸ் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி, முகம் என்பது நாம் பார்க்கிற பொருளே அல்ல என்றவர். எதிரே இருக்கிறவன் முகம் என்னிடம் ஒன்றைக் கோருகிறது, கொல்லாதே என்று; அந்தக் கோரிக்கையிலிருந்துதான் அறம் ஆரம்பிக்கிறது என்று 1961-ல் வந்த நூலில் வாதாடுகிறார். கண் என்ன நிறம் என்று கவனித்தால்கூட நாம் அந்த மனிதனை விட்டு நழுவிவிட்டோம் என்று பின்னொரு சமயம் சொன்னார். அதே மனிதர் 1948-ல் கலையைப் பற்றி எழுதிய கட்டுரை கடுமையானது. சிலையும் சித்திரமும் ஒரு கணத்தை வெட்டி எடுத்து, அதற்கு எதிர்காலம் இல்லாமல் செய்துவிடுகின்றன என்கிறார். மோனா லிஸாவின் உதட்டில் விரியப்போகிற சிரிப்பு விரியவே விரியாது. இந்த இரண்டையும் ஒருங்கே படித்தால், செதுக்கிய முகம் எதையும் கோராது, அது முகத்தின் நிழல் மட்டுமே என்று ஆகிறது. அட்டைப்பெட்டியின்மேல் நின்ற என் கையை வைத்துக்கொண்டு அவரோடு உடன்பட முடியவில்லை. ஆனால் என் அலமாரியில் வரிசையாக இருந்த அந்தச் சிரிப்புகளைப் பார்க்கும்போது அவர் சொன்னது முற்றிலும் சரி என்று பட்டது.

2018-க்கு வருகிறேன்.

சந்தையில் ஓர் அம்மாள் வந்தார். எழுபதுக்குமேல் இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த கணவர் அந்த வசந்தத்தில் இறந்துபோயிருந்தார். முடிந்தபோதெல்லாம் சனிக்கிழமை கோல்ஃப். ஒரு புகைப்படமும், கம்பளிக் காலுறை ஒன்றில் ஐந்து பந்துகளும் கொண்டுவந்தார். "இதிலேயே அவர் முகம் வேண்டும். ஒன்றில் போதும். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். பண்டிகைக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், 23-ம் தேதி, வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. குறிப்பிட்ட ஆளின் சாயலில் செய்ததில்லை என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். விலை கேட்டார், 20 என்றேன்.

ஐந்து பந்திலும், கம்பெனிப் பெயருக்குக் கீழே, அருகருகே இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஆட்டக்காரர்கள் தம் பந்து இன்னது என்று கண்டுகொள்ள மைப்பேனாவால் ஏதாவது குறி போடுவார்கள். ஆட்ட விதிகளே அதைச் சிபாரிசு செய்கின்றன. இவருடைய குறி இது.

பந்துகள் லேசாக மஞ்சளித்திருந்தன. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது என்பதுதான் உண்மை. புதரில் கிடைத்தவை அநேகமாக 2000-க்குப் பிறகு வந்த பந்துகள், ஆகவே நூல் பந்தை நான் அதிகம் அறுத்ததில்லை. அதை அறுக்காதே என்று கிழவர் எச்சரித்திருக்கிறார். பிளேடு ஓட்டைத் தாண்டியதும் உள்ளே ஒரு சலசலப்புக் கேட்டது. பல மடங்கு இழுத்துச் சுற்றிய நூல், அறுபட அறுபட, சுருண்டு வெளியே பீறிட்டது. வைஸிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தால் பந்து தானே நெளிந்து நகர்ந்தது. அறுபது எழுபது நூல்நுனிகள் புழுவாகத் துடித்து அடங்கின. இதில் முகம் செதுக்குவது என்பது சிக்கலான நூற்கண்டில் முகம் செதுக்குவது. இரண்டாவதை ஏன் அறுத்தேன்? ஒன்றாவது வேறு ஜாதியாக இருக்காதா என்ற நப்பாசை. மூன்றாவதை அறுத்ததற்கு அந்தச் சமாதானமும் இல்லை. அதன் நடுவில் திரவம் நிரப்பிய சிறு ரப்பர் பை இருந்தது. அப்படிப்பட்ட பந்தை உடைத்துப் பார்த்த பிள்ளைகளுக்குக் கண்ணில் பீய்ச்சிக் காயமானது மருத்துவ ஏடுகளில் உண்டு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று 22-ம் தேதி ராத்திரி.

அலமாரியில் விற்காத முகம் ஒன்று இருந்தது. சாம்பல் நிற உருண்டை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செதுக்கும்போது கத்தி வழுக்கி வாயின் இடது மூலை கீழே இறங்கிவிட்டது. சிரிக்க மாட்டேன் என்றது. ஆகவே விற்கவும் இல்லை. புகைப்படத்தில் இருந்தவருக்கு மூக்குக்கண்ணாடி. மெல்லிய செப்புக்கம்பியை வளைத்து இதற்கும் ஒன்று மாட்டினேன். தாடியைச் சீவிக் குறைத்தேன். பிறகு பந்தைத் திருப்பினேன். பின்பக்க ஓட்டில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. உப்புத்தாளால் அதைத் தேய்த்து எடுத்தேன். பேத்தியின் பென்சில் பெட்டியிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து, அருகருகே இரண்டு புள்ளி வைத்தேன்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தைத் திருப்பி, அந்தப் புள்ளிகளின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். அப்படியே கொஞ்ச நேரம். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் திருப்பினார். "வாய் அப்படியே அவர்தான்" என்றார். அறுக்காத இரண்டு பந்துகளைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கெட்டுப்போயின, மன்னிக்க வேண்டும் என்றேன். மூன்று. 20 டாலர் நோட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மகளிடம் சொன்னபோது, "அப்பா, இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க. அவங்களுக்கு நிம்மதி கிடைச்சுது, விடுங்க" என்றாள். அவள் சொன்னதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நான் ஏற்க முடியாது. வாசகன் சந்தோஷப்படுகிறான், அப்புறம் உனக்கென்ன என்று தொடர்கதைக்காரர்கள் சொன்ன வாதம் இது. நாற்பது வருஷமாக எதிர்த்து வந்திருக்கிறேன். அவர்கள் வாயில் பொய்யாக இருந்தது என் வாயில் உண்மையாகிவிடாது. கிழவர் முதலில் சிரித்தார்: "அந்தப் பந்தை அவள் ஆடப்போவதில்லையே." பிறகு வெகுநேரம் கழித்து, ஹீட்டரை அணைத்துக்கொண்டே, "முதல் பந்தை அறுத்ததும் நான் போய்ச் சொல்லியிருப்பேன்" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. 2021-ல் இறந்துபோனார்.

சாயல் விஷயத்தில் நான் அதிகம் வருந்தவில்லை. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வீரன் ஒரு மாதிரி நிற்பான், கையில் வில்லோ வாளோ இருக்கும். ஒரு கல்லின் வீரனுக்கும் அடுத்த கல்லின் வீரனுக்கும் முகத்தில் வித்தியாசம் தேடினால் கிடைக்காது. இன்ன சண்டையில் பட்டான், இன்னான் மகன் என்று எழுத்துத்தான் சொல்லும். செத்தவனுடைய ஜனங்கள் அந்தப் பொதுமுகத்தின்முன் நின்று தம் ஆளைத்தான் கண்டார்கள். அதில் மோசடி இல்லை. அந்த அம்மாளும் ஒரு பொதுமுகத்தில், கத்தி வழுக்கின ஒரு வாயில், தம் கணவரைக் கண்டார். முகம் அவரிடம் பொய் சொல்லவில்லை. சாயல் வராது என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். இதுவரை யோசித்து, இதோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம். சில மாதங்கள் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் நடுகல்லில் எழுத்தை யாராவது மாற்றி வெட்டினால்? என் காரியம் அது. அவர் கேட்டது முகமே அல்ல என்று இப்போது தோன்றுகிறது. முகம் ஒரு காரணம். அந்தப் பந்து கெடாமல், எறியப்படாமல், பிள்ளைகள் கண்ணில் படும்படி மேஜைமேல் இருக்க வேண்டும். அதற்கு அது ஏதாவது ஆக வேண்டும், அவ்வளவுதான். பந்தில் அவர் கணவருடையது என்ன இருந்தது? அடித்தது கட்டையின் இரும்பு முனை. தொட்டது, புல்லில் வைத்தபோதும் குழியிலிருந்து எடுத்தபோதும். அவர் கையால் அதில் செய்த ஒரே காரியம் அந்த இரண்டு புள்ளிகள். அவை அவருடைய கையெழுத்து. ஊரெல்லாம் ஒன்றுபோல் இருக்கும் வெள்ளைப் பந்துகளுக்கு நடுவில், இது என்னுடையது என்று மட்டும் சொல்ல வைத்தது. அந்த ஒன்றைத்தான் நான் பொய்யாகப் போட்டேன். நானூறு முகம் செதுக்கியும் தேறாத என் கை, இரண்டு புள்ளியைத் துல்லியமாகப் போட்டது, வரைபடக்காரனின் கை. இடைவெளியைக்கூட டிவைடரால் அளந்துகொண்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வேறு வழி இருந்தது. நூல் பீறிட்ட பந்தையே கொண்டுபோய், இதற்குள் இப்படித்தான் இருக்கிறது, முகம் போட முடியாது அம்மா என்று கையில் கொடுத்திருக்கலாம். அவர் அதை வேண்டாமென்று சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியாது, அதை அவர் சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை. என் காரியம் திருட்டுக்குச் சமம் என்றால் திருடியது 20 டாலரை அல்ல, அந்தப் பதிலை. வெறுங்கையோடு போக முடியாத வீம்புதான் காரணம். செய்து தருகிறேன் என்றவன் முடியவில்லை என்று சொல்லக் கூசுவது கலைஞனின் கௌரவமாக வெளியே தெரியும். கைவினைச் சந்தையில் 12 டாலர் முகம் விற்கிறவனுக்கு அது இருந்ததை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்.

லெவினாஸை அதற்குப் பிறகு இன்னொரு தடவை படித்தேன். முகம் கோருகிறது என்று அவர் சொல்வது ரப்பரில் செதுக்கிய முகத்தைப் பற்றி அல்ல என்பதை நான் முதலிலேயே சரியாகப் படித்திருக்க வேண்டும். 23-ம் தேதி என் எதிரே ஒரு முகம் இருந்தது. கட்டைவிரலைப் புள்ளிகளின்மேல் வைத்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் கண்டுபிடிக்கிறாரா என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2020-ல் தொற்று வந்து சந்தை நின்றது. பிறகு மீண்டும் ஆரம்பித்தபோது நான் மேஜை எடுக்கவில்லை. சும்மா இருக்கும்போது இப்போதும் ஒன்றிரண்டு செதுக்குகிறேன். உரித்ததும் என்ன நிறம் வருகிறது என்று பார்ப்பதற்காகத்தான் பாதி. பூச்சு கிடையாது. கத்தி வாயின் மூலைக்கு வரும்போது இன்றைக்கும் மேலே திரும்பப் பார்க்கிறது.

அந்த அம்மாள் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகனோடு இருக்கப் போய்விட்டார். முகமும் கூடப் போயிருக்கும். அறுபட்ட மூன்று பந்துகளும் என் மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. நூல் காய்ந்து, தொட்டால் பொடிகிறது. ஓட்டுத் துண்டுகளில் புள்ளிகள் மங்காமல் இருக்கின்றன. அவற்றை அவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் விலாசம் வேண்டும். மகளிடம் கேட்டால் தேவாலயத்தில் விசாரித்து வாங்கித் தருவாள். எதற்கு என்று கேட்பாள்.